பதினொரு விநாடி

என் வேலை வெட்டுவது.
விசுவமடுச் சந்தி, ரீலோட் கடையின் பின்னறை,
ஒரு மேசைவிசிறி, தவணைக்கு எடுத்த மடிக்கணினி.
அண்ணை பகலில் படம்பிடித்து வருவார்.
விடியப்புறம் இரண்டரைக்கு,
கனடாவில் ஆட்கள் வேலைமுடிந்து பஸ் ஏறுகிற நேரம் பார்த்து
நான் ஏற்றிவிடுவேன்.

உழவனூர்த் தவமலர் வீடு
நாற்பத்தாறு நிமிடம் வந்திருந்தது.
ஒன்பது போதும் என்றார் அண்ணை.

நல்ல தகரங்களைக் கடந்து
ஓட்டைத் தகரத்தைத் தேடிப் போயிருந்தது கமரா.
"நோகாதெண்டால் மட்டும் கழற்றுங்கோ அக்கா."
அவள் காலைக் கழற்றினாள்.
உறையை மடித்து அதற்குள்ளேயே வைத்தாள்,
கோயில் வாசலில் செருப்பை ஒதுக்கி வைப்பதுபோல.
"அந்த இடத்தை இன்னொருக்கா சொல்லுங்கோ,
லொறிச் சத்தம் விழுந்திட்டுது."
இன்னொருக்கா சொன்னாள்.
இரண்டாம் தரம் கண்ணீர் வரவில்லை.
முதல் தரத்துக் கண்ணீரை எடுத்து
இரண்டாம் தரத்துச் சொல்லின்மேல் ஒட்டியது நான்.
வயலின் போட்டதும் நான்தான்.

முப்பத்தெட்டாம் நிமிடம்
கோழியொன்று வேலியிலிருந்து பறந்து
அண்ணையின் தலையில் ஏறி நின்றது.
தவமலர் சிரித்தாள்.
பொத்தப் போன கை
வாய்க்குக் கிட்ட வந்து மறந்துபோய் நின்றது.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.
உள்ளேயிருந்து மகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.
பதினொரு விநாடி.

"அதைத் தூக்கு. சிரிக்கிற ஆளுக்கு ஆர் காசு போடுவான்?"

அண்ணை கெட்டவரில்லை.
அந்த ஒன்பது நிமிடத்தால்தான் குழாய்க்கிணறு வந்தது,
நுண்கடன்காரனின் மோட்டார் சைக்கிள்
அந்த ஒழுங்கைக்குள் திரும்புவது நின்றது.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
"அழுகையை அடக்கேலாமல் கிடக்கு" என்றது ஸ்காபரோ.
"காதிலை தோடு மினுங்குதே?" என்றது பாரிஸ்.
"அடுத்த வீடியோவிலை மகளை வடிவாக் காட்டுங்கோ" என்று
எழுதியவனின் முகப்படத்தில் ஒரு பிள்ளையார்.
தோடு கவரிங்.
அதை மூன்று மணிக்குத் தட்டச்சி
மூன்று ஐந்துக்கு அழித்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் மதுசிகாவுக்கு
'ஓட்டைத் தகரம்' என்று பேர் வந்தது.
தாயின் அழுகை வட்ஸ்அப் ஸ்டிக்கராய்ச் சுற்றியது.
கணக்குச் செய்யாத ஒருவன்
மாஸ்டருக்கே அதை அனுப்பினானாம்.
மாஸ்டரும் சிரித்தாராம்.

ஒரு வியாழன் தவமலர் கடைக்கு வந்தாள்.
நூறு ரூபாயை நீட்டி, இலக்கம் சொல்லாமல் நின்றாள்.
"தம்பி, அதை எடுக்கேலாதோ?"

அண்ணைக்குச் சொல்லாமல் எடுத்தேன்.
ஆனால் அதற்குள் பதினேழு பேர் ஏற்றியிருந்தார்கள்.
ஒருவன் தலைப்பில் அவளைச் சாகடித்தும் இருந்தான்.
ஒவ்வொன்றாய்க் காட்டினேன்.
அவள் ஐந்தாவதில் போதுமென்றாள்.
"கொட்டுப்பட்ட நெல்லெண்டால் அள்ளலாம்.
பதரை ஆர் அள்ளுறது."

வேறென்ன கொடுப்பதென்று தெரியாமல்
வெட்டிய துண்டைத் திறந்தேன்.
கோழி பறந்தது.
அவள் பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள்.
"அதைக் கீரி கொண்டுபோட்டுது" என்றாள்.
பிறகு,
"இதை ஏத்திப்போடாதை."

அனுப்பிவிடவா என்று கேட்டேன்.
பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்:
இறப்பர் பட்டி சுற்றிய கட்டைப் போன்.
நாலு லட்சம் பேர் பார்த்தவளின் போனில்
படம் ஓடாது.

இப்போதெல்லாம் மாதத்தில் இரண்டு மூன்று தரம்
ரீலோட்டுக்கு வருவாள்.
ஆட்கள் நின்றால் அப்பளப் பெட்டி பார்ப்பதுபோல் நிற்பாள்.
போன பின் நான் திரையைத் திருப்பிவைப்பேன்.

ஒருநாளும் முடியுமட்டும் பார்த்ததில்லை.
ஒன்பதாவது விநாடியில் கதிரையை விட்டு எழும்பிவிடுவாள்.
பத்தாவதில் அண்ணையின் குரல் தொடங்கும்,
"சரி அக்கா,
விட்ட இடத்திலையிருந்து…"